ஷெரிப்: ஒரு பதவிப் பெயரின் பொருளும் வரலாறும்

1. முன்னுரை

மும்பையை அடுத்த அம்பர்நாத்தில் உள்ள சிவன் கோயிலின் கல்வெட்டு, சக ஆண்டு 982, அதாவது கி.பி. 1060ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கொங்கணத்தை ஆண்ட சிலாகார மரபின் மாம்வாணி அதில் ‘மகாமண்டலேசுவரன்’ என்று குறிக்கப்பெறுகிறான். மண்டலம் என்னும் நிலப்பகுதிப் பெயரும், ஈசுவரன் என்னும் ஆளுமைப் பெயரும் இணைந்த தொடர் அது. அக்கல்வெட்டு வெட்டப்பட்ட அதே காலத்தில் இங்கிலாந்தில் எட்வர்டு என்னும் அரசன் தன் ஆணைகளை அந்நாட்டு மொழியிலேயே எழுதி ஒவ்வொரு வட்டாரத்திற்கும் அனுப்பிக்கொண்டிருந்தான். அவ்வாணைகளைப் பெற்ற அதிகாரிகளுள் ஒருவனின் பதவிப் பெயரும் இதே அமைப்பினது. நிலப்பகுதியைக் குறிக்கும் சொல் முன்னும், அதனைக் கண்காணிப்பவனைக் குறிக்கும் சொல் பின்னும் நின்றன. அத்தொடரே பிற்காலத்தில் ‘ஷெரிப்’ எனச் சுருங்கியது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறுடைய இப்பெயர் 1726ஆம் ஆண்டு ஓர் அரச சாசனத்தின் வழியே சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய மூன்று நகரங்களுக்கும் வந்து சேர்ந்தது. சென்னையில் அப்பதவி 1998இல் ஒழிக்கப்பட்டது. மும்பையில் ஷெரிப் என்னும் பெயரில் இன்றும் நீதிமன்ற ஆணைகள் நிறைவேறுகின்றன. ஆயினும் இச்சொல்லைத் தமிழில் எழுதுவோர் பலர் இதனைக் காவல்துறைப் பதவியாகவோ, வெறும் மதிப்புறு பட்டமாகவோ கொள்கின்றனர். சொல்லின் பிறப்பையும் பொருள் மாற்றங்களையும் விளக்கி, மொழிபெயர்ப்பில் அதனைக் கையாளும் முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லமைப்பு

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் இரு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி ‘ஷீர்’, இரண்டாம் பகுதி எழுத்தில் ‘கெரேஃபா’ போலத் தோன்றினும் ஒலிப்பில் ஏறத்தாழ ‘யெரேவா’ ஆகும். பழைய ஆங்கிலத்தில் இரண்டு உயிர்களுக்கு இடைப்பட்ட ஃபகர ஒலி வகரமாக ஒலிக்கும். இந்த ஒலி விதியை மனத்திற்கொண்டால் பின்வரும் வளர்ச்சி தெளிவாகும். தனித்து நின்ற ‘யெரேவா’ முன்னொட்டை இழந்து ‘ரீவ்’ என்றாயிற்று. அதில் வகரம் நிலைத்தது. கூட்டுச்சொல்லின் ஈற்றில் நின்றபோது இறுதி உயிர் கெட்டு, வகரம் சொல்லிறுதியில் ஃபகரமாகி, ‘ஷெரிஃப்’ என முடிந்தது. அப்பதவிக்காலத்தைக் குறிக்கும் ‘ஷ்ரீவால்டி’ என்னும் வழிச்சொல்லில் மட்டும் பழைய வகரம் இன்றும் நிற்கிறது. ஒரே வேர்ச்சொல் தனித்து நின்றபோது ஒரு வடிவமும் தொகைக்குள் நின்றபோது வேறொரு வடிவமும் பெற்றது.

இவ்வகைச் சுருக்கம் தமிழ் இலக்கணத்தார்க்குப் புதிதன்று. சோழநாடு என்பது சோணாடு ஆனதையும், மலையமான் நாடு என்பது மலாடு ஆனதையும் மரூஉ என்று வகுத்தனர். மரூஉவில் நிகழும் இழப்பு ஒலியளவில் நிற்பதில்லை. உறுப்புகளைப் பிரித்துணரும் ஆற்றல் பேசுவோரிடம் மறையும்போது சொல்லின் பொருளும் கட்டவிழ்ந்து எத்திசையிலும் செல்லத் தலைப்படுகிறது. ஷெரிப் என்னும் சொல்லில் ‘ஷயர்’ இருப்பதை இன்றைய ஆங்கிலேயர் பெரும்பாலோர் உணர்வதில்லை. ‘மலாடு’ என்பதில் மலையமானை நாம் உணராதது போன்றதே அது.

முதற்பகுதியான ‘ஷீர்’ தொடக்கத்தில் நிலப்பகுதியைக் குறிக்கவில்லை என்பது கருதத்தக்கது. ‘பொறுப்பு, மேற்பார்வை, அலுவல்’ என்பதே அதன் முந்தைய பொருள். பழைய உயர் ஜெர்மன் மொழியில் இதன் இனச்சொல் ‘கவனிப்பு, பணி’ என்னும் பொருளில் வழங்கியது. ஒருவனுடைய பொறுப்பு என்பதிலிருந்து அப்பொறுப்புக்கு உட்பட்ட நிலம் என்னும் பொருள் தோன்றியது. இன்று ஆங்கில மாவட்டப் பெயர்களின் ஈற்றில் வரும் ‘ஷயர்’ அதுவே.

இப்பொருள் மாற்றத்திற்கு இணையான ஒன்றை மும்பையில் வாழும் தமிழர் நாள்தோறும் கேட்கலாம். ‘தொடர்பு, பற்று’ என்னும் பொருளுடைய அரபுச் சொல் ஒன்று தமிழில் ‘இலாகா’ ஆயிற்று. அதற்குத் துறை, அலுவற் பொறுப்பு என்பது பொருள். அதே சொல் மராத்தியில் ‘இலாக்கா’ என வழங்கி நிலப்பகுதியைக் குறிக்கிறது. பம்பாய் மாகாணத்தை மராத்தியர் ‘மும்பை இலாக்கா’ என்றே அழைத்தனர். தமிழ் வழக்குப் பொறுப்பிலே நின்றது. மராத்தி வழக்கு நிலத்திற்குச் சென்றது. தாலுகா என்னும் சொல்லும் ‘சார்ந்திருத்தல்’ என்னும் பொருளுடைய அதே அரபு வேரிலிருந்து வந்து நிலப்பிரிவின் பெயராயிற்று. எனவே, பொறுப்பைக் குறிக்கும் சொல் நிலத்தைக் குறிப்பதாக மாறுவது ஆட்சிச் சொற்களிடையே பரவலான ஒரு போக்கு எனலாம்.

இரண்டாம் பகுதியின் மூலம் இன்றும் உறுதியாகத் தெளிவுபடவில்லை. ‘எண்ணிக்கை, அணி’ என்னும் பொருளுடைய ஒரு சொல்லோடு தொடர்புபடுத்தி, ஆட்களை எண்ணி அணிவகுப்பவன் என்று விளக்குவோர் உளர். ஜெர்மன் மொழியின் ‘கிராஃப்’ என்னும் பிரபுப் பட்டத்தோடு இதனை இணைக்கும் கருத்து நெடுங்காலம் வழங்கியது. ஓசை ஒப்புமையும் பதவி ஒப்புமையும் சேர்ந்து அக்கருத்துக்கு வலுவூட்டின. ஆயினும் ஒலிமாற்ற விதிகள் அதற்கு இடந்தராமையால் இன்றைய சொற்பிறப்பியலார் அதனை ஏற்பதில்லை.

3. ரீவ் என்னும் பணியாளன்

ரீவ் என்பவன் ஒரே தரத்தினன் அல்லன். அரசனுக்கும் ரீவ் உண்டு, ஆயருக்கும் உண்டு, ஒரு பண்ணைக்கும் உண்டு. துறைநகரையும் வணிக நகரையும் கண்காணித்தவன் ‘போர்ட்-ரீவ்’ எனப்பட்டான். ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பேடு, வடபுலத்தாரின் கப்பல்கள் முதன்முதலாக இங்கிலாந்தின் தென்கரையை அடைந்த செய்தியைக் கூறுமிடத்தில், அவர்கள் யாரென அறியாமல் அவர்களை அரசமனைக்கு அழைத்துச் செல்ல முயன்று கொல்லப்பட்ட ரீவ் ஒருவனைக் குறிக்கிறது. அந்நிகழ்ச்சி 789ஆம் ஆண்டையொட்டியதாகக் கொள்ளப்படுகிறது. கரைக்கு வந்த கப்பலை விசாரிக்கும் கடமை அக்காலத்திலேயே ரீவுக்கு இருந்தது என்பது இதனால் தெரிகிறது. இக்குறிப்பு இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு வேண்டியதாகும்.

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் படைத்த ரீவ், ஒரு பண்ணையின் கணக்கும் கதிரும் காப்பவன். ஸ்காட்லாந்தில் இச்சொல்லின் வடிவமான ‘கிரீவ்’ பண்ணைக் கண்காணியைக் குறித்தது. பதவி மறைந்த பின்னரும் ரீவ், ரீவ்ஸ், கிரீவ் என்பன குடும்பப் பெயர்களாக நிலைத்தன. தமிழ்நாட்டில் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்ட பின்னரும் ‘மணியக்காரர் வீடு’, ‘கணக்குப்பிள்ளை வீடு’ என்னும் வழக்குகள் ஊர்களில் நீடிப்பதை இதனோடு ஒப்பிடலாம்.

இப்பலதர ரீவுகளுள் ஷயர் முழுமைக்கும் பொறுப்பேற்ற அரசனின் ரீவே ஷயர்-ரீவ். சோழர் கல்வெட்டுகளில் காணப்பெறும் ‘நாடு வகை’, ‘நாடு கூறு’, ‘நாடு கண்காணி’ என்னும் அலுவற் பெயர்கள் இதனோடு வைத்து எண்ணத்தக்கவை. அவற்றிலும் நாடு என்னும் நிலப்பிரிவு முன்னின்று, அதன்கண் செய்யப்படும் வேலை பின்னிற்கிறது. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. நாட்டார் என்னும் உள்ளூர் அவையும் நாடு கண்காணி என்னும் அரசு அலுவலரும் தனித்தனியே இயங்கினர். ஷயர் மன்றத்திலோ அரசனின் ரீவே ஆயரோடும் வட்டாரத் தலைவனோடும் அவையில் அமர்ந்தான். மக்கள் கூட்டத்திற்கும் அரசாணைக்கும் நடுவில் நின்ற ஒருவன் என்பதே ஷெரிப் பதவியின் தொடக்க இயல்பு.

4. 1066க்குப் பின்: ஒரு பதவி, இரு பெயர்கள்

நார்மானியர் 1066இல் இங்கிலாந்தை வென்றபோது பழைய பதவிகள் பலவற்றை ஒழித்தனர், ஷெரிப்பை ஒழிக்கவில்லை. அரசனுக்கு வரி திரட்டவும், ஆணைகளைச் சேர்ப்பிக்கவும், குற்றவாளிகளைப் பிடிக்கவும் அவனே கருவியானான். ஆனால் எழுதுமொழி மாறியது. இலத்தீன் ஆவணங்களில் ஷெரிப் ‘விகேகோமெஸ்’ என்று எழுதப்பட்டான். ‘கோமெஸ்’ என்பது அரசனின் தோழன் என்னும் பொருளில் தோன்றிய பட்டம். அவனுக்கு அடுத்த நிலையில் நின்று செயற்படுபவன் ‘விகேகோமெஸ்’. பிரெஞ்சில் இதுவே ‘விகோந்த்’ எனத் திரிந்தது. ஷயர் என்பதும் அவ்வாறே ‘கவுண்டி’ என்னும் மறுபெயர் பெற்றது.

இதன் விளைவு விந்தையானது. அதே இலத்தீன் சொல் 1440இல் ஜான் போமண்ட் என்பவருக்கு ‘வைகவுண்ட்’ என்னும் பிரபுப் பட்டமாக வழங்கப்பட்டது. அன்று முதல் இங்கிலாந்தில் ஷெரிப் ஒரு பணியின் பெயராகவும், வைகவுண்ட் ஒரு படிநிலையின் பெயராகவும் பிரிந்தன. ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஜெர்சித் தீவில் மட்டும் வைகவுண்ட் என்னும் பெயருடையவர் இன்றும் நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றும் அலுவலராகவே இருக்கிறார். இடைக்கால ஆவணங்களை மொழிபெயர்ப்போர் ‘விகேகோமெஸ்’ என்பதைக் கண்டவுடன் பிரபுப் பட்டமாகக் கொள்ளுதல் பெரும்பிழையாகும். 1440க்கு முற்பட்ட ஆங்கில ஆவணமாயின் அது ஷெரிப்பையே குறிக்கும்.

பட்டப் பெயர்கள் பணியிலிருந்து பிறந்து பெருமைக்கு ஏறுவது பொதுப்போக்கு. ‘லார்டு’ என்பது அப்பத்தைக் காப்பவன் என்னும் தொடரின் சுருக்கம். ‘நைட்’ என்பது முதலில் சிறுவன், ஏவலாள் என்றே பொருள்பட்டது. ‘மார்ஷல்’ குதிரைப் பணியாளன். ‘கான்ஸ்டபிள்’ என்பது குதிரை இலாயத் தலைவன் என்னும் பொருளில் பிறந்து, அரண்மனைப் பெரும்பதவியாக உயர்ந்து, பின்னர்த் தெருக்காவலர் என்னும் நிலைக்கு இறங்கியது. ஷெரிப் இவ்விரு வழிகளிலும் முழுமையாகச் செல்லவில்லை. அது நாட்டுக்கு நாடு கிளைத்தது.

அரசனின் பெயரால் ஷெரிப்புகள் செய்த கொடுமைகள் பல. மன்னன் ஜான் 1215இல் ஏற்ற மகா சாசனத்தின் பிரிவுகள் சில அவர்களைக் கட்டுப்படுத்தவே எழுந்தவை. அரசுக்கெதிரான பெருங்குற்ற வழக்குகளை ஷெரிப் விசாரிக்கலாகாது என்று அதன் 24ஆம் பிரிவு விதித்தது. ராபின் ஹூட் கதைகளில் நாட்டிங்ஹாம் ஷெரிப் கொடியவனாக வருவதற்கு இப்பொது மனநிலையே அடிப்படை. பிற்காலத்தில் நீதிபதிகளும் பிற அலுவலர்களும் ஷெரிப்பின் அதிகாரங்களைப் பகிர்ந்துகொண்டனர். இங்கிலாந்தின் மாவட்ட ஷெரிப்புகள் 1974 முதல் ‘உயர் ஷெரிப்’ எனப்படுகின்றனர். அது ஓராண்டுக்குரிய, பெரும்பாலும் சடங்குத் தன்மையுடைய பதவி. ஸ்காட்லாந்திலோ ஷெரிப் என்பவர் நீதிபதி. அமெரிக்காவில் அவர் மாவட்ட மக்களால் பெரும்பாலும் தேர்தல் வழியே தெரிவு செய்யப்படும் காவல் அதிகாரி. ஒரே சொல் ஒரு நாட்டில் சடங்கையும், மற்றொன்றில் தீர்ப்பையும், இன்னொன்றில் துப்பாக்கியையும் குறிக்கிறது.

5. இந்திய நகரங்களில் ஷெரிப்

சென்னையில் மேயரும் ஆல்டர்மென் என்னும் நகரப் பெரியோரும் கொண்ட மாநகர ஆட்சி 1688இலேயே தொடங்கிவிட்டது. முதலாம் ஜார்ஜ் மன்னன் 1726இல் வழங்கிய சாசனம் சென்னை, மும்பை, கொல்கத்தா மூன்றிலும் மேயர் நீதிமன்றங்களை நிறுவியது. அவற்றின் ஆணைகளை நிறைவேற்ற ஆண்டுதோறும் ஷெரிப்பை அமர்த்தவும் வழிசெய்தது. அழைப்பாணை சேர்ப்பித்தல், கடனாளியைப் பிடித்துச் சிறையில் வைத்தல், சொத்தைப் பற்றுகை செய்து விற்றல், ஜூரிகளை வரவழைத்தல், மரண தண்டனையை நிறைவேற்றுதல் ஆகியவை அவர் கடமைகள். கொல்கத்தாவில் நந்தகுமார் 1775ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தூக்கிலிடப்பட்டபோது அதனை நடத்திய ஷெரிப் அலெக்சாண்டர் மெக்ராபி. அவர் அந்நாளைப் பற்றித் தம் கைப்பட எழுதிய விவரம் வரலாற்றாசிரியர் பலர்க்கும் சான்றாயிற்று.

மும்பையில் மேயர் நீதிமன்றத்திற்குப் பின் 1798இல் ரிக்கார்டர் நீதிமன்றமும், 1824இல் உச்ச நீதிமன்றமும், 1862இல் உயர் நீதிமன்றமும் தோன்றின. நீதிமன்றங்கள் மாற, ஷெரிப் மட்டும் தொடர்ந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவருக்கு வேறொரு பணியும் வாய்த்தது. நகரப் பெருமக்கள் கையெழுத்திட்டு வேண்டினால் பொதுக்கூட்டம் கூட்டுவது அவர் கடமையாயிற்று. இரங்கல், வரவேற்பு, பஞ்ச நிவாரணம் போன்றவற்றுக்கு நகர மண்டபத்தில் ஷெரிப்பின் பெயரால் கூட்டங்கள் அழைக்கப்பட்டன. ஷயர் மன்றத்தில் மக்களுக்கும் அரசுக்கும் நடுவே நின்ற பழைய ரீவின் சாயலை இங்கே மீண்டும் காண்கிறோம்.

நாளடைவில் இந்தியரும் இப்பதவிக்கு வந்தனர். சென்னையில் சவலை இராமசாமி முதலியாரும், விடுதலைக்குப் பின் 1956இல் மேரி கிளப்வாலா ஜாதவும் ஷெரிப்பாக இருந்தனர். மும்பையில் மருத்துவரும் கல்வெட்டறிஞருமான பாவு தாஜி 1869இலும் 1871இலும், நடிகர் திலீப்குமார் 1980இலும், கிரிக்கெட் ஆட்டக்காரர் சுனில் கவாஸ்கர் 1994இலும் ஷெரிப்பாக அமர்ந்தனர். இப்பெயர்களே ஒரு மாற்றத்தைச் சொல்கின்றன. ஆணையை நிறைவேற்றும் பதவி, நகரின் நன்மதிப்பைப் பெற்ற குடிமகனைச் சிறப்பிக்கும் பதவியாயிற்று.

ஆனால் மாறியது பதவியின் ஒரு முகமே. மற்றொரு முகம் உயர் நீதிமன்றத்தின் ஷெரிப் அலுவலகமாக உள்ளே இயங்கிக்கொண்டிருந்தது. மதிப்புறு ஷெரிப் விழாக்களுக்குச் செல்ல, அவர் பெயரிலேயே துணை ஷெரிப்பும் அலுவலரும் பற்றுகை, ஏலம் ஆகியவற்றைச் செய்தனர். அப்பணிகளுள் தலையாயது கப்பலைத் தடுத்து நிறுத்துதல். கடல்சார் வழக்கில் உயர் நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணையை ஷெரிப்பின் ஆள் துறைமுகத்திற்குக் கொண்டு சென்று கப்பலில் ஒட்டுகிறார். துறைமுக அதிகாரிகளுக்கும் சுங்கத் துறையினர்க்கும் செய்தி செல்கிறது. கப்பல் துறையை விட்டு நகர இயலாது. உரிமையாளர் பிணையம் கட்டினால் கப்பல் விடுவிக்கப்படும்; இல்லையேல் நீதிமன்ற ஆணைப்படி விற்கப்பட்டுக் கடன்கள் தீர்க்கப்படும். கடல்சார் உரிமைகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2018 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ளது. அதன்படி கப்பல்மீது ஏறும் கடல்சார் பற்றுரிமைகளுள் மாலுமிகளின் ஊதியமே முதலிடம் பெறுகிறது.

6. தமிழ் வழக்கில் ஷெரிப்

தமிழில் இச்சொல்லுக்கு மூன்று இடர்ப்பாடுகள் உள்ளன.

முதலாவது ஓசை ஒப்புமை. அரபு மொழியில் ‘உயர்வு’ என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த ‘ஷரீஃப்’, மேன்மையுடையவர் என்று பொருள்படும். நபிகள் வழியினர்க்குரிய பட்டமாகவும், மக்காவின் ஆட்சியாளர் பட்டமாகவும் அது வழங்கியது. தமிழ் முஸ்லிம்களிடையே ஆட்பெயராகவும் வழங்குகிறது. அதனைத் தமிழில் ‘ஷெரீப்’ என எழுதும் வழக்கம் உண்டு. ஆங்கிலப் பதவிப் பெயரையும் பலர் அவ்வாறே எழுதுகின்றனர். ‘சென்னை ஷெரீப்’ என்ற தொடரைப் படிப்பவர் அது பதவியா, ஆளின் பெயரா என மயங்க இடமுண்டு. இவ்விரு சொற்களுக்கும் பிறப்பால் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஒன்று குலமேன்மையிலிருந்தும் மற்றொன்று வேலையிலிருந்தும் வந்தவை.

இரண்டாவது இடர்ப்பாடு அமெரிக்கப் பொருளின் மேலாட்சி. சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இதழ்களின் வழியே டெக்ஸ் வில்லர், லக்கி லூக் முதலிய குதிரை வீரர் கதைகள் தமிழ்ச் சிறுவரை அடைந்தன. முன்னது இத்தாலியிலும் பின்னது பெல்ஜியத்திலும் பிறந்தவை. இரண்டும் காட்டுவது அமெரிக்க மேற்குப் பகுதியை. மார்பில் நட்சத்திரம் அணிந்து இடையில் துப்பாக்கி செருகிய ஒருவரே ஷெரிப் என்னும் மனப்படிமம் தமிழில் வேரூன்றியதற்கு இக்கதைகளும் மேற்கத்தியத் திரைப்படங்களும் காரணம்.

மூன்றாவது மும்பைத் தமிழர்க்கே உரியது. மராத்தியில் மும்பை ஷெரிப்பை ‘நகர்பால்’ என்பர். நகரைக் காப்பவர் என்பது அதன் நேர்ப்பொருள். நகராட்சிக்கு வழங்கும் ‘நகர்பாலிகா’ என்னும் சொல்லோடு இது மயங்குகிறது. அம்பர்நாத் போன்ற நகராட்சி ஊர்களில் வாழ்வோர்க்கு ‘நகராத்யக்ஷ்’ என்னும் நகர்மன்றத் தலைவரும், ‘மகாபௌர்’ என்னும் மேயரும் அறிமுகமானவர்கள். நகர்பால் என்பவரை இவர்களுள் ஒருவராகவே கருதுவர். மராத்தி மொழிபெயர்ப்பு அழகியதாயினும், ஆணை நிறைவேற்றும் பொருளை அது விட்டுவிட்டது.

7. ஒரு பிழையும் அதன் விலையும்

சில ஆண்டுகளுக்கு முன்பு அம்பர்நாத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர் இருவர் ஒரு தாளுடன் இக்கட்டுரையாளரிடம் வந்தனர். அவர்களின் மகன் சரக்குக் கப்பல் ஒன்றில் மாலுமி. பல மாதங்களாக ஊதியம் வாராமையால் கப்பல் பணியாளர் சிலர் வழக்குத் தொடுத்திருந்தனர். நீதிமன்ற ஆணையின் சுருக்கத்தை யாரோ தமிழில் பெயர்த்து அவர்களிடம் கொடுத்திருந்தார். ‘மும்பைக் காவல்துறைத் தலைவர் கப்பலைக் கைது செய்து காவலில் வைத்துள்ளார்’ என்பது அதன் முதன்மையான தொடர்.

தாய் அத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “கப்பலையே கைது பண்ணியிருக்காங்கன்னா உள்ளே இருக்கிற பிள்ளையை விட்டிருப்பாங்களா ஐயா?” என்று கேட்டார். தந்தை முந்திய இரண்டு நாட்களும் ஜாமீன் வாங்கித்தர ஒரு வழக்கறிஞரைத் தேடி அலைந்திருந்தார். முன்பணத்திற்காக நகையும் அடகுக்குப் போயிருந்தது.

மூல ஆணையில் இருந்த சொற்கள் மூன்றே: ஷெரிப், கப்பல், தடுத்து நிறுத்தல். ஆங்கிலத்தில் மனிதனைக் கைது செய்வதற்கும் கப்பலைத் தடுத்து நிறுத்துவதற்கும் ஒரே வினைச்சொல் வழங்குகிறது. அவ்வினை ‘கைது’ என்றும், ஷெரிப் ‘காவல்துறைத் தலைவர்’ என்றும் பெயர்க்கப்பட்டவுடன் ஒன்றையொன்று தாங்கி முழுமையான குற்றக் காட்சி ஒன்றை உருவாக்கின. உண்மையில் அவ்வாணை அம்மகனின் வேண்டுகோளின்பேரில், அவன் ஊதியத்துக்கு ஈடாக, அவனுக்குக் காப்பாகப் பிறப்பிக்கப்பட்டது. அவனைக் காத்த ஆணையே அவன் பெற்றோர்க்கு அவனைச் சிறையிட்ட ஆணையாகத் தோன்றியது.

அம்மொழிபெயர்ப்பாளரைக் குறை கூறுவது இங்கு நோக்கமன்று. அகராதியில் ஷெரிப் என்பதற்கு எதிரே காணப்படும் பொருளுள் ஒன்றையே அவர் எடுத்திருக்கக்கூடும். ஒரு நாட்டின் பொருளை மற்றொரு நாட்டின் ஆவணத்தில் வைத்ததே பிழை. கடற்கரையில் வந்து நின்ற கப்பலை விசாரிக்கச் சென்ற எட்டாம் நூற்றாண்டு ரீவின் கடமையை மும்பை ஷெரிப் இன்றும் ஒருவகையில் தொடர்கிறார் என்பதை அறிந்த ஒருவர் இப்பிழையைச் செய்திருக்க மாட்டார். சொல் வரலாறு மொழிபெயர்ப்புக்கு அணிகலன் அன்று. கருவி என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

8. மொழிபெயர்ப்பு நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் நெறிகளை முன்மொழியலாம்.

(அ) எழுத்தமைதி: தமிழில் குறில் நெடில் வேறுபாடு பொருள் வேறுபடுத்தும் தன்மையுடையது. அதனைப் பயன்படுத்திப் பதவிப் பெயரை ‘ஷெரிப்’ எனக் குறிலாகவும், அரபுப் பட்டத்தையும் ஆட்பெயரையும் ‘ஷரீப்’ என நெடிலாகவும் எழுதுதல் தகும். ஆங்கில ஒலிப்பிலும் ஈற்றயல் உயிர் குறிலே; அரபில் அது நெடில். எனவே இவ்வேறுபாடு மூலமொழிகளுக்கும் பொருந்துவதாகும்.

(ஆ) பெயர்ப்பு: எல்லா இடத்திற்கும் பொருந்தும் ஒரே தமிழ்ச்சொல் இதற்கு இயலாது. 1066க்கு முற்பட்ட இங்கிலாந்தைப் பற்றிய நூலில் ‘நாடு கண்காணி’ என்பது பொருந்தும். சொல்லின் இரு உறுப்புகளையும் அது காட்டும். ஸ்காட்லாந்து பற்றிய செய்தியில் ‘ஷெரிப் நீதிபதி’ என்றும், அமெரிக்கச் செய்தியில் முதல் வருகையில் ‘மாவட்டக் காவல் தலைவரான ஷெரிப்’ என்றும் எழுதலாம். மும்பை விழாச் செய்திகளில் ‘மாநகர ஷெரிப்’ போதுமானது.

(இ) நீதிமன்ற ஆவணங்கள்: இங்கே விளக்கம் கட்டாயம் தேவை. ‘உயர் நீதிமன்ற ஆணையை நிறைவேற்றும் அலுவலரான ஷெரிப்’ என்று முதலில் குறித்துப் பின்னர் ‘ஷெரிப்’ என்று மட்டும் எழுதலாம். கப்பலைப் பொறுத்தவரை ‘கைது’ என்னும் சொல்லை நீக்கி ‘தடுத்து நிறுத்தினார்’ என்று எழுதுக. நீளம் கூடுமெனினும் பொருள் பிறழாது.

9. முடிவுரை

பொறுப்பு என்னும் சொல்லும் கண்காணி என்னும் சொல்லும் கூடிப் பிறந்த தொடர் ஷெரிப். அது அரசனின் கையாகவும், பிரபுப் பட்டத்தின் இரட்டையாகவும், நீதிபதியாகவும், துப்பாக்கி வீரனாகவும், நகரப் பெருமகனாகவும் வேடங்கள் பல பூண்டது. சென்னையில் பட்டம் ஒழிந்தது. மும்பையில் பட்டத்தைக் காட்டிலும் அதன் பணியே நிலைபெற்றது. படிநிலைப் பெயர்களை ஆராய்வோர் பெருமையை மட்டும் நோக்காமல் அப்பெயருக்குள் உறையும் வேலையையும் நோக்க வேண்டும்.

தொடக்கத்தில் குறித்த அம்பர்நாத் கல்வெட்டை அறிஞருலகுக்கு முதலில் படித்து வெளியிட்டவர் பாவு தாஜி. மும்பை ஷெரிப்பாக இரு முறை இருந்தவர் அவரே. அதன் ஆண்டை அவர் சக 782 என்று படித்தார். அவரோடு பணியாற்றிய பகவான்லால் இந்திராஜி கல்லை மீண்டும் ஆராய்ந்து அது 982 என்று திருத்தினார். ஓர் இலக்கத்தின் பிறழ்ச்சி இருநூறு ஆண்டுகளை மாற்றியிருந்தது. அத்திருத்தம் பாவு தாஜியின் புகழைக் குறைக்கவில்லை. கல்வெட்டின் காலத்தை நிலைநாட்டியது. மொழிபெயர்ப்பாளரும் ஒரு சொல்லை ஒருமுறை படித்ததோடு அமையாது, அது நிற்கும் இடத்திற்குச் சென்று மீண்டும் படித்தல் வேண்டும்.